ஜெட் படகுகளில் பாலாஸ்ட் அமைப்பு: கோளாறுகளும் மேம்பாடும்

பாலாஸ்ட் என்பது படகின் எடையைக் கூட்டுவதற்காக அதனுள் ஏற்றப்படும் பாரம் ஆகும். பாய்மரக் கப்பல்களின் காலத்தில் கல்லும் மணலும் இதற்குப் பயன்பட்டன. இன்றைய பொழுதுபோக்குப் படகுகளில் படகு மிதக்கும் நீரே பாரமாகிறது. ஏரியில் இருந்து நீரைப் பம்ப் மூலம் பைகளிலோ தொட்டிகளிலோ ஏற்றி, வேலை முடிந்ததும் வெளியேற்றுவார்கள். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ என்பதால் கணக்கு எளிது: 180 லிட்டர் பை ஒன்று நிறைந்தால் 180 கிலோ கூடுகிறது.

பழங்காலக் கப்பல்களில் பாரம் ஏற்றியது கப்பல் கவிழாமல் நிற்பதற்காக. வேக்போர்டிங், வேக்சர்பிங் போன்ற நீர் விளையாட்டுகளுக்கான படகில் அதன் நோக்கம் வேறு. படகு ஆழமாக அமிழ்ந்தால் அது விலக்கும் நீர் மிகுதியாகும். பின்னால் எழும் அலைத்தடம் உயரமாகும். அந்த அலையில்தான் விளையாட்டு வீரர் சறுக்குகிறார் அல்லது தாவுகிறார். அதாவது, நிலைத்தன்மைக்காகப் பிறந்த ஒரு ஏற்பாடு இங்கே அலைக்காகப் பயன்படுகிறது. கவனமின்றிப் பயன்படுத்தினால் அதுவே படகின் நிலைத்தன்மையைக் குலைத்துவிடும்.

ஜெட் படகின் தனித்தன்மை

ஜெட் படகில் வெளியே சுழலும் விசிறி கிடையாது. படகின் அடியில், பின்பகுதிக்குச் சற்று முன்னால் உள்ள வாய் வழியாக நீர் உள்ளே இழுக்கப்படுகிறது; உள்ளே சுழலும் இம்பெல்லர் அதை அழுத்தி, பின்பக்கக் குழல்வாய் வழியாகப் பீய்ச்சுகிறது. நியூசிலாந்தின் வில்லியம் ஹாமில்டன் 1950களில் ஆழமற்ற ஆறுகளில் ஓட்டுவதற்காக இத்தகைய படகை உருவாக்கிப் பரவலாக்கினார். பின்னர் யமஹா போன்ற நிறுவனங்கள் இதே முறையில் குடும்பப் பொழுதுபோக்குப் படகுகளைத் தயாரித்து வட அமெரிக்காவில் விற்றன.

பாலாஸ்ட் பொருத்துபவர் மறக்கக் கூடாத விளைவுகள் இந்த அமைப்பால் ஏற்படுகின்றன. ஜெட் படகு எடை குறைந்தது, அடி ஆழம் குறைந்தது. இயந்திரமும் பம்பும் பின்பகுதியின் பெரும் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. எனவே பாலாஸ்ட் பம்பை நீர்மட்டத்துக்குக் கீழே வைக்கப் போதிய இடம் கிடைப்பது கடினம். குழல்வாயிலிருந்து வரும் தாரை காற்றுக்குமிழ்கள் கலந்து அலைத்தடத்தின் நடுவிலேயே விழுவதால், எவ்வளவு பாரம் ஏற்றினாலும் அலை உயரமாகுமே தவிர வழவழப்பாகிவிடாது. இதை அறியாமல் பையின் மேல் பையாகச் சேர்த்துக்கொண்டே போகும் உரிமையாளர்கள் உண்டு.

மிக முக்கியமானது ஜெட் வாய். இம்பெல்லருக்கு இடையூறற்ற, காற்றுக் கலக்காத நீர் தேவை. பாலாஸ்டுக்காக அடித்தளத்தில் துளையிட்டுப் பொருத்தும் நீர்வாயை ஜெட் வாய்க்கு நேர் முன்னால் வைத்தால், அதன் விளிம்பில் உண்டாகும் சுழல் ஜெட்டுக்குள் புகும். இயந்திரத்தின் சுழற்சி ஏறும், படகு முன்னேறாது. பாலாஸ்ட் சேர்த்தபின் உந்துவிசை குறைந்துவிட்டது என்ற புகார் வரும்போது, எடையைக் குறை சொல்வதற்கு முன் துளை எங்கே இருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

உறுப்புகள்

நீர் செல்லும் வழி சிறியது: அடித்தளத் துளை, அதை ஒட்டிய மூடும் வால்வு, வடிகட்டி, பம்ப், ஹோஸ், பை, பையின் உச்சியிலிருந்து படகின் பக்கவாட்டுக்குச் செல்லும் காற்றுப்போக்கி. பம்புகளில் இரண்டு வகை உண்டு.

முதலாவது மையவிலக்குப் பம்ப். மீன் தொட்டிகளுக்கு நீர் ஏற்றப் பயன்படும் அதே சிறு பம்ப்தான். விலை குறைவு, மின்சாரத் தேவை குறைவு, உலர்ந்து ஓடினாலும் உடனே கெடாது. ஆனால் காற்றை இழுக்கத் தெரியாது. நீர் தானாக வந்து அதன் வயிற்றை நிரப்பினால்தான் வேலை செய்யும். ஒரே திசையில் மட்டும் தள்ளும் என்பதால் ஏற்றுவதற்கு ஒன்று, இறக்குவதற்கு ஒன்று என ஒவ்வொரு பைக்கும் இரண்டு வேண்டும்.

இரண்டாவது ரப்பர் இதழ்களைக் கொண்ட இம்பெல்லர் பம்ப். காற்றையும் இழுக்கும், திசை மாற்றினால் அதே பம்ப் நீரை வெளியேற்றும், நின்றிருக்கும்போது பெரும்பாலும் நீரை விடாது. நீர் இல்லாமல் ஓடினால் இதழ்கள் சூடேறிக் கிழிந்துவிடும் என்பது இதன் பலவீனம். மின்னோட்டமும் 15 ஆம்பியர் அளவுக்குத் தேவைப்படலாம். பையில் நீர் தீர்ந்த பின்னும் சுவிட்சை மறந்துவிடுவதே இவ்வகைப் பம்புகளின் பொதுவான சாவுக்காரணம். குறித்த நேரத்தில் தானே அணையும் சுவிட்சு சிறு செலவில் இதைத் தவிர்க்கும்.

பம்பின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவை அப்படியே நம்பக் கூடாது. மணிக்கு 3,000 லிட்டர் என்று எழுதியிருந்தால் 180 லிட்டர் பை நான்கு நிமிடத்துக்குள் நிறைய வேண்டும். அந்த அளவு உயரமும் வளைவும் இல்லாத திறந்த குழாயில் கணக்கிடப்படுவது. ஹோஸின் நீளம், ஒவ்வொரு முழங்கை வளைவு, வடிகட்டியின் தடை எல்லாம் சேர்ந்து அதைக் கணிசமாகக் குறைத்துவிடும்.

பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம் காற்று

பம்ப் ஓடும் ஓசை கேட்கிறது, ஆனால் பை நிறையவில்லை. பாலாஸ்ட் அமைப்பில் மிகுதியாகக் காணப்படும் புகார் இதுதான். உடனே பம்பைக் கழற்றி மாற்றுவது வழக்கம். புதிய பம்பும் அதேபோல வெறுமனே ஓடும்போதுதான் குறை வேறிடத்தில் இருப்பது தெரியவரும். மையவிலக்குப் பம்பின் வயிற்றில் காற்று சிக்கிக்கொண்டால், அதன் சக்கரம் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். பம்பில் பழுது இல்லை.

காற்று எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பல விடைகள் உள்ளன. படகை ட்ரெய்லரில் ஏற்றும்போது ஹோஸில் உள்ள நீர் வடிந்து, அடுத்த முறை நீரில் இறக்கும்போது அந்த இடத்தில் காற்று நிற்கும். அடித்தளத் துளைக்கும் பம்புக்கும் இடையிலான ஹோஸ் மேலேறிக் கீழிறங்கி ஒரு கூன் போல இருந்தால், அந்த உச்சியில் காற்று குடியேறும். வடிகட்டியின் மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் வெளிக்காற்று புகும். பம்பின் வெளிவாய் கீழ்நோக்கித் திரும்பியிருந்தால் காற்று வெளியேற வழியே இருக்காது. அதன் வெளிவாய் எப்போதும் மேற்புறம் இருக்குமாறு பொருத்த வேண்டும்.

ஜெட் படகுக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. விசிறிப் படகு ஓட்டுபவர்களிடையே ஒரு வழக்கம்: பம்ப் காற்றுப் பிடித்துக்கொண்டால் சிறிது பின்னோக்கி ஓட்டினால் நீர் அழுத்தம் மாறிக் காற்று விலகும் என்பார்கள். ஜெட் படகில் பின்னோக்கிச் செல்வது வேறு விதமாக நடக்கிறது. குழல்வாயின் மேல் ஒரு வாளி போன்ற தடுப்பு இறங்கி, தாரையைப் படகின் அடியில் முன்னோக்கித் திருப்புகிறது. குமிழ்கள் நிறைந்த அந்த நீர், பாலாஸ்ட் நீர்வாய் இருக்கும் இடத்தின் வழியாகவே செல்லக்கூடும். எனவே விசிறிப் படகில் காற்றை நீக்கும் அதே செயல், ஜெட் படகில் காற்றைக் கொண்டுவந்து சேர்க்கலாம். ஜெட் படகில் இயந்திரத்தை அணைத்து, படகு அசையாமல் நிற்கும்போது நிரப்பத் தொடங்குவதே நம்பகமான முறை.

சோதிக்கும் வழி எளிது. படகு நீரில் இருக்கும்போது, பம்பை அணைத்துவிட்டு, அதன் வெளிவாய் ஹோஸைக் கழற்றிக் கீழே ஒரு வாளி வைத்துப் பிடிக்க வேண்டும். வால்வைத் திறந்ததும் நீர் தானாக வந்தால் பாதை திறந்திருக்கிறது. பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழேதான் இருக்கிறது. நீர் வராவிட்டால் அடைப்பு, காற்று, அல்லது பம்பின் உயரம் ஆகிய மூன்றில் ஒன்று காரணம். நீர் வந்தும் பம்ப் ஏற்றவில்லை என்றால் அப்போதுதான் பம்பைச் சந்தேகிக்க வேண்டும். ஓசையே கேட்கவில்லை என்றால் பியூஸ், சுவிட்சு, இணைப்பு என்று மின்பக்கம் போக வேண்டும். சோதனையின்போது ஒருவரின் கை வால்வின் மேலேயே இருப்பது நல்லது.

ஓடும்போது தானே நிறையும் பை

சில படகுகளில் நேர்மாறான சிக்கல் காணப்படும். சுவிட்சு அணைந்திருக்கிறது, ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது பை நிறைந்துகொண்டே வருகிறது. அல்லது நிறைத்த பை யாரும் தொடாமலே காலியாகிறது. காரணம் அடித்தளத் துளையின் மேல் பொருத்தப்பட்ட அகப்பை வடிவ மூடி. அதன் வாய் முன்னோக்கி இருந்தால் படகின் வேகமே நீரை உள்ளே தள்ளும். பின்னோக்கி இருந்தால் வேகம் நீரை உறிஞ்சி எடுக்கும். நின்றிருக்கும் மையவிலக்குப் பம்ப் இரண்டையும் தடுப்பதில்லை.

இந்த அழுத்தம் எவ்வளவு என்பதைப் பலரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். வேக்போர்டிங் வேகமான மணிக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டரில் முன்னோக்கிய வாய்க்குள் புகும் நீர், கணக்கின்படி 4.8 மீட்டர் உயரம் வரை ஏறக்கூடியது. மணிக்கு 17 கிலோமீட்டர் என்ற மெதுவான சர்பிங் வேகத்தில்கூட ஒரு மீட்டருக்கு மேல் ஏறும். ஹோஸை மேலே தூக்கி ஒரு வளைவு அமைத்துவிட்டால் போதும் என்ற பரவலான ஆலோசனை இங்கே தோற்கிறது; படகின் பக்கச் சுவர் அவ்வளவு உயரம் இல்லை. அந்த வளைவு, படகு நிற்கும்போது ஏற்படும் வடிகுழல் விளைவைத் தடுக்க மட்டுமே பயன்படும். அதற்கும் வளைவின் உச்சியில் காற்று புகும் சிறு வால்வு இருக்க வேண்டும். ஓடும்போது நீரைத் தடுக்க, மூடி சமதளமாக இருப்பதும், வால்வை மூடிவிட்டு ஓட்டுவதும்தான் வழி. மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வைப் பம்பின் சுவிட்சுடன் இணைப்பது இன்னும் வசதியானது.

அடித்தள வால்வு வெறும் வசதிக்கானது அல்ல. ஹோஸ் கழன்றாலோ பை கிழிந்தாலோ, திறந்த துளை வழியாக ஏரி முழுவதும் படகுக்குள் வர முயலும். கையால் எட்டவே முடியாத இடத்தில் வால்வைப் பொருத்துவது, அதைப் பொருத்தாமல் விடுவதற்குச் சமம்.

காலியாகாத மிச்சம்

நீரை இறக்கும்போது பை சுருங்கும். கடைசிக் கட்டத்தில் பையின் துணி வெளியேறும் துளையின் மேல் ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கும்; பத்துப் பதினைந்து லிட்டர் உள்ளேயே தங்கும். துளைக்கு உட்புறம் ஓட்டைகள் இட்ட சிறு குழாய்த் துண்டு ஒன்றைப் பொருத்தினால் துணி ஒட்டாது. வெளியேறும் துளை பையின் மிகத் தாழ்ந்த மூலையில் இருப்பதும் உதவும். இந்த மிச்ச நீரைப் பெரும்பாலோர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் கீழே பார்க்கப்போகும்படி, அந்தப் பத்து லிட்டர்தான் ஏரிகளுக்கு ஆபத்தானது.

நிரம்பும் பையின் காற்றுப்போக்கியும் கவனிக்கத்தக்கது. அதன் ஹோஸ் நீர் ஏற்றும் ஹோஸைவிட மிகக் குறுகலாக இருந்தால், இம்பெல்லர் பம்பின் அழுத்தம் பைக்குள் சேர்ந்து இருக்கையின் மூடியைப் பெயர்க்கும் அல்லது பையின் தையலைப் பிளக்கும்.

மின்சாரம்

பம்ப் மெதுவாக ஓடுவதற்கு மெலிந்த கம்பியே காரணமாக இருக்கும் படகுகள் பல. 12 வோல்ட் அமைப்பில் இழப்பு விரைவில் தெரியும். மின்கலத்திலிருந்து பம்புக்கு 6 மீட்டர் என்றால், போய் வர 12 மீட்டர் கம்பி. 15 ஆம்பியர் செல்லும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் ஏறத்தாழ 1.4 வோல்ட் வழியிலேயே தொலையும். 6 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு 0.6 வோல்ட் அளவுக்குக் குறையும். அமெரிக்கப் படகு, பாய்மரப் படகு மன்றத்தின் தரவிதிகள் முக்கியமல்லாத சுற்றுகளில் 10 விழுக்காடு வரை இழப்பை ஏற்கின்றன. அந்த அளவின்படி முதல் கம்பி தேறாது, இரண்டாவது தேறும். பம்ப் ஓடும்போதே அதன் முனைகளில் மீட்டரை வைத்து அளந்தால் விடை ஒரு நிமிடத்தில் கிடைக்கும். முழு மின்னோட்டத்தையும் டேஷ்போர்டு சுவிட்சு வழியாகக் கொண்டுசெல்லாமல் ரிலே வைத்துப் பிரிப்பதும் சுவிட்சு கருகுவதைத் தவிர்க்கும்.

பெட்ரோல் இயந்திர அறைக்குள் வைக்கும் பம்ப், தீப்பொறி வெளிவராத வகையைச் சேர்ந்ததாக இருந்தே ஆக வேண்டும். கார்களுக்கான மலிவு மோட்டார்களை அங்கே பொருத்துவது வெடிவிபத்துக்கு அழைப்பு. அதேபோல, ஜெட் பம்பிலிருந்து இயந்திரக் குளிரூட்டலுக்குப் போகும் அழுத்த நீரைப் பாலாஸ்டுக்காகக் கிளைபிரிக்கும் குறுக்கு வழி சிலருக்குத் தோன்றுவதுண்டு. மிச்சமாவது ஒரு பம்பின் விலை; பணயம் வைப்பது முழு இயந்திரத்தை.

எவ்வளவு பாரம் தாங்கும்?

மேம்பாடு என்ற பெயரில் நடப்பவற்றில் பெரும்பகுதி கூடுதல் பைதான். ஒரு கணக்கு: ஆறு பெரியவர்கள், ஆளுக்கு 75 கிலோ எனில் 450 கிலோ. 180 லிட்டர் பைகள் மூன்று எனில் 540 கிலோ. இருப்பவர்களைவிட நீரின் எடை அதிகம் என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏனெனில் அது இருக்கைக்கு அடியில் மறைந்திருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி 20 அடிக்குக் குறைந்த ஒற்றையுடல் மோட்டார் படகுகளில் தாங்கும் அளவைக் குறிக்கும் தகடு இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய படகுகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தயாரிப்பாளரின் கையேட்டையே பார்க்க வேண்டும். உரிமையாளர் தாமே சேர்க்கும் ஒவ்வொரு பையும் அந்த அளவிலிருந்து கழிக்கப்பட வேண்டிய ஆட்களின் எடை.

பாரத்தை எங்கே வைப்பது என்பதும் எவ்வளவு வைப்பது என்பதற்கு இணையான கேள்வி. எல்லாவற்றையும் பின்னால் வைத்தால் முன்பகுதியான அணியம் வானத்தைப் பார்க்கும். ஓட்டுநருக்கு முன்னால் நீந்துபவர் தெரியமாட்டார். ஜெட் பம்ப் மெதுவான வேகத்தில் திணறும். அதைச் சரிசெய்ய அணியத்திலும் பாரம் வைப்பார்கள். இங்கேதான் விபத்து காத்திருக்கிறது. அணியம் தாழ்ந்த நிலையில் ஓடும் திறந்தவகைப் படகு திடீரென வேகத்தைக் குறைக்கும்போது, தன் பின்னால் வந்த அலையோ எதிரே வரும் அலையோ முன்பக்கம் வழியாக உள்ளே ஏறிவிடும். முதல் அலையில் ஏறிய நீர் அணியத்தை மேலும் தாழ்த்தும். அடுத்தது இன்னும் எளிதாக ஏறும். அணியத்தில் குழந்தைகளை உட்கார வைப்பது பல குடும்பங்களின் வழக்கம் என்பதால் இது வெறும் பொருள் நட்டம் பற்றிய பேச்சு அல்ல.

அரைகுறையாக நிறைந்த பையும் நல்லதல்ல. திருப்பத்தில் நீர் முழுவதும் ஒரே பக்கம் ஓடிப் படகைச் சாய்க்கும். முழுதாக நிறைந்த பையில் நீர் நகர இடமில்லை. எனவே ஒரு பெரிய பையைப் பாதி நிரப்புவதைவிடச் சிறிய பையை முழுதாக நிரப்புவது மேல்.

கூடுதல் பாரத்தால் இயந்திரம் உரிய சுழற்சியை எட்டாவிட்டால், ஜெட் பம்பின் இம்பெல்லரைக் குறைந்த சாய்வுள்ளதாக மாற்றுவது பயன் தரும். உச்ச வேகம் சற்றுக் குறையும். பாரத்துடன் கிளம்புவது எளிதாகும்.

ஏரியிலிருந்து ஏரிக்கு

பைக்குள் தங்கும் பத்து லிட்டர் நீரில் கண்ணுக்குத் தெரியாத சிப்பிக் குஞ்சுகள் உயிருடன் இருக்கலாம். ஐரோப்பாவைச் சேர்ந்த வரிக்குதிரைச் சிப்பி 1988ல் வட அமெரிக்காவின் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டறியப்பட்டது. அதன் உறவான குவாக்கா சிப்பி 2007 சனவரியில் மீட் ஏரியில் கண்டறியப்பட்டது. குடிநீர்க் குழாய்களையும் அணைகளின் கருவிகளையும் இவை அடைத்துவிடுகின்றன. நிலவழியே ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்கு இவற்றைக் கொண்டுசெல்லும் முக்கிய வாகனம் ட்ரெய்லரில் செல்லும் பொழுதுபோக்குப் படகுதான். அவற்றில் பாலாஸ்ட் உள்ள படகுகளை ஆய்வாளர்கள் தனிக்கவனத்துடன் பார்க்கிறார்கள்.

தமிழகக் கடற்கரைக்கும் இந்தக் கதை புதிதல்ல. எண்ணூர், பழவேற்காடு பகுதியில் மீனவர்கள் காக்கா ஆழி என்று அழைக்கும் அயல் சிப்பி பரவி, இறால் பிடிக்கும் சேற்றுத்தரையை மூடிவிட்டது. கப்பல்களின் பாலாஸ்ட் நீரோடு அது வந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது. பெரிய கப்பல்களுக்கான பன்னாட்டுப் பாலாஸ்ட் நீர் உடன்படிக்கை 2004ல் ஏற்கப்பட்டு, 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. சிறிய படகுகளைப் பொறுத்தவரை பொறுப்பு பெரும்பாலும் உரிமையாளர் கையில்.

அமெரிக்க மாநிலங்கள் வலியுறுத்தும் முறை மூன்று சொற்களில் அடங்கும்: கழுவு, வடி, உலர்த்து. படகின் வெளிப்புறத்துக்கு 60 பாகை செல்சியசு வெந்நீர் பரிந்துரைக்கப்படுகிறது. பாலாஸ்ட் பைக்குள்ளும் பம்புக்குள்ளும் அதே சூட்டைச் செலுத்தினால் ரப்பரும் பிளாஸ்டிக்கும் கெடும் என்பதால், அங்கே 49 பாகை அளவில் கூடுதல் நேரம் ஓடவிடுவார்கள். நீரை இறக்கியபின் வால்வைத் திறந்தே வைத்து, பையைக் கழற்ற முடிந்தால் கழற்றி வெயிலில் காயவைப்பது சிறந்தது. இம்பெல்லர் பம்பாக இருந்தால் அந்த வேளையிலேயே மூடியைத் திறந்து இதழ்களைப் பார்த்துவிடலாம். ஓர் இதழ் உடைந்து காணாமல் போயிருந்தால், அந்தத் துண்டு ஹோஸில் எங்கோ கிடக்கிறது. அதைத் தேடி எடுக்காமல் புதிய இம்பெல்லரைப் போட்டால் அடைப்பு அப்படியே இருக்கும்.